மடிப்பைப் பிரித்து வெட்டிய ஜாக்கெட்

கட்டிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் வேலை சொல்லித் தரப் போவதில்லை. பேட்டர்ன் பேப்பரைத் துணிமேல் எப்படி வைப்பது, நேர் நூல் எது, குறுக்கு நூல் எது, குண்டூசியை எங்கே குத்துவது என்பதையெல்லாம் கூட இருப்பவர்களே காட்டிவிடுவார்கள். கொஞ்ச நாள் விரலில் குத்துப்பட்டால் தானாக வந்துவிடும். தானாக வராத ஒன்று இருக்கிறது. குண்டூசி எல்லாம் குத்தி முடித்துக் கத்திரியைக் கையில் எடுத்த பிறகு, வெட்டலாமா வேண்டாமா என்று ஒரு நொடி மனசு தடுக்கும். அந்தத் தடுப்பை என்ன செய்வது என்பது யாரும் காட்டித் தர முடியாதது. எனக்கு அது எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டையில் பெண்கள் தையல் கடை ஒன்றில் கட்டிங் பார்த்தேன். கீழராஜவீதியிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் மாடியில் கடை. என் வேலைக்காலம் முழுக்க அந்த ஒரே மேசைதான். அங்கே எனக்குப் பழக்கமான வாடிக்கைக்காரி மாரிக்கண்ணு. கீரமங்கலம் பக்கம் பூத்தோட்டம் அவளுக்கு. மல்லிகை, சம்பங்கி. விடியலில் பறித்துக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு, ஆலங்குடி வழியாக பஸ் பிடித்து வருவாள். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாகக் கட்டிய சரத்தை வாழையிலையில் மடித்துக் கொண்டுவருவாள். பேச்சு நிற்காது. அளவு எடுக்கும்போதுகூடப் பேசிக்கொண்டே இருப்பாள். "ஆடாம நில்லு புள்ள" என்று நான் அதட்டினால், "வாய் தானக்கா ஆடுது, ஒடம்பு நிக்கிதுல்ல" என்பாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் வரவில்லை. பிறகு ஒரு நாள் அவளுடைய மகள் கோகிலா வந்தாள். கல்யாணப் பெண். தன் ஜாக்கெட்டுகளையெல்லாம் ஏற்கெனவே வேறு கடையில் கொடுத்துவிட்டாளாம். அம்மாவுடைய பட்டு ஜாக்கெட்டை மட்டும் என்னிடம் கொடுக்கச் சொன்னார்களாம்.

"அம்மா வரலையா?"

"இல்ல அத்தை. தோட்டத்துல வேலை. அளவு ஜாக்கெட் குடுத்துவிட்டாங்க. இதே மாதிரி தைச்சா போதும்."

அரக்கு நிறப் பட்டு. சேலையோடு சேர்ந்து வருகிற ஜாக்கெட் துணி. கெட்டுப்போனால் வேறு துணி வாங்கிச் சேர்க்க முடியாது. "அம்மா எளைச்சிருக்காளா, பூசுனாப்ல இருக்காளா?" என்று கேட்டேன். அந்தப் பெண் நான் கேட்டு முடிப்பதற்குள், "அப்படியேதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஜாக்கெட் துணியை இரண்டாக மடித்து, மேலே பேப்பரை வைத்து, இரண்டு மடிப்பும் சேரக் குண்டூசி குத்தி, ஒரே வெட்டாக வெட்டுவோம். வலது பாகமும் இடது பாகமும் ஒன்றாகவே வந்துவிடும். மனித உடம்பு இரண்டு பக்கமும் ஒன்று என்று நம்பித்தான் நம் தொழிலே நடக்கிறது. அதனால் அளவு ஜாக்கெட் வந்தால் அதிலும் ஒரு பக்கத்தைத்தான் அளப்போம். நானும் அப்படியே வலது கையை அளந்து, மடித்துப் போட்ட பட்டின்மேல் பேப்பரைக் குத்தி முடித்தேன். கத்திரியை எடுத்தேன். இடத்துக்காக அளவு ஜாக்கெட்டைத் தள்ளி வைத்தபோது அதன் இடது கை கண்ணில் பட்டது.

கையின் அடித்தையல் முழுக்கப் பிரித்திருந்தது. கைக்குழி வரைக்கும் பிரித்து, அதற்கு மேலும் கொஞ்சம் பிரித்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகப் பிரித்த நூல். வலது கையில் ஒரு தையல்கூட அசையவில்லை.

அது முகூர்த்த மாதம். மேசைக்குக் கீழே துணிப்பைகள் குவிந்து கிடந்தன. தைக்கிற பெண் மிஷினில் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, "என்ன நின்னுட்டீங்க? அளவுதான் இருக்கே, வெட்டிப் போடுங்க. பத்தலைன்னா பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார். நியாயமான பேச்சுதான். உள்ளே துணி விட்டுத் தைத்தால் ஓரளவு பிரித்துவிடலாம். ஆனால் கைக்குழிக்கு மேலே வரை பிரித்தும் போதாத கைக்கு எவ்வளவு விடுவது?

கத்திரியை வைத்துவிட்டுக் கோகிலாவுக்குப் போன் செய்தேன்.

"ஒங்க அம்மாவுக்கு எடது கையில என்னத்தா?"

"ஒண்ணுமில்ல அத்தை. அப்படியே தைச்சிருங்க."

"தைக்கிறது பெருசில்ல. போட முடியணும்ல?"

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. "யார்ட்டயும் சொல்லிராதீங்கத்தை" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. குத்திய பேப்பரோடு பட்டை அப்படியே பலகையில் ஏற்றி, மேலே ஒரு வேட்டியைப் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் டேப்பையும் கொஞ்சம் வெள்ளைக் காடாத் துணியையும் எடுத்துக்கொண்டு கீரமங்கலம் பஸ் ஏறினேன்.

மாரிக்கண்ணு பின்கட்டு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நைட்டி. தோளில் துண்டு. ஜன்னல் சாத்தியிருந்தது. தோட்டத்துக்காரிக்கு இருக்கிற கறுப்பு போய், முகம் வெளிறிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"தஞ்சாவூர்ல ஆபரேசன்க்கா. மார்ல கட்டின்னு எடது பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. அப்பறம் கரண்ட் வச்சாங்க. கை இப்புடி வீங்கிப் போச்சு" என்று நைட்டிக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே வலது கையைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. "பூப்பறிக்க வர்ற பொம்பளைங்களுக்குக்கூடத் தெரியாது. கை பிசகிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம்."

கதவருகே அவளுடைய வீட்டுக்காரர் ராமையா நின்றிருந்தார். பல வருஷம் துபாயில் இருந்து திரும்பியவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா, நாளைக்கு மகளுக்கும் வந்துருமோன்னு யோசிப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தெரியணும். உள்ள ஸ்பாஞ்சு வச்சுத் தைச்சிருங்க. நல்லா கெட்டியா, அசையாத மாதிரி."

அவரை நீங்கள் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மகள் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்ற பயத்தில் தூங்காத கண்கள் அவை. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "மொதல்ல அளவெடுக்குறேன், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றேன்.

கதவைச் சாத்தியதும் மாரிக்கண்ணு, "பாக்கப் பயமா இருந்தா வேணாங்க்கா. துணிக்கு மேலயே அளந்துக்க" என்றாள்.

"அளவெடுக்க வந்தவ பாக்காம எப்புடி அளக்குறது?"

அவள் துண்டை எடுத்தாள். அக்குளிலிருந்து நெஞ்சு நடு வரை கோணலாகத் தையல் தழும்பு. கரண்ட் வைத்த இடம் கருகினாற்போல் கறுத்து, தோல் வெற்றிலைச் சருகுபோல் மெலிந்திருந்தது. எத்தனையோ பெண்களுக்கு நான் அளவெடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு டேப்பை இரண்டு முறை தவறவிட்டேன். அவள் குனிந்து எடுக்கப் போனாள். "நீ ஆடாத" என்று நான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள். அவ்வளவு அசையாமல் அவள் நின்றதே இல்லை.

காடாத் துணியைப் போட்டு உடம்பின்மேலேயே உருவம் எடுத்தேன். வலது பக்கம் குண்டூசி குத்தினேன். இடது பக்கம் ஊசி முனையைக் கொண்டுபோகத் துணிவு வரவில்லை. துணியைக் கழற்றி, மடியில் வைத்துப் பெரிய பெரிய தையலாக நூலை ஓட்டி, மறுபடி போட்டுப் பார்த்து, மறுபடி கழற்றி, இப்படியே மத்தியானம் வரை ஆனது.

"ஸ்பாஞ்சு வைக்கச் சொல்றாக ஒங்க வீட்டுக்காரரு" என்றேன்.

"தெரியும். ஆஸ்பத்திரியில வித்தாக ஒண்ணு, வாங்கியாந்தாரு. செத்த நேரம் வச்சாலே தீயா எரியுதுக்கா. வேத்துச்சுன்னா கொப்பளிக்கிது." காடாத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே, "ஆனா அந்த மனுசனையும் என்னன்னு சொல்றது? கோகிலா பொழப்பு" என்றாள்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது இருக்கிறது. துணியைக் கொடுத்தவர்கள் ஒன்று கேட்பார்கள். அதைப் போடப்போகிற உடம்பு இன்னொன்றைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் கத்திரியை வைத்துக்கொண்டு நாம் நிற்போம். அப்போது நம் சாமர்த்தியத்தைக் காட்டி ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. முடிவைப் போட்டுக்கொள்பவளின் கையில் விட்டுவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். நான் ஸ்பாஞ்சு வைத்துத் தைக்கவில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியில் உள்ளே ஒரு பை வைப்பதாகச் சொன்னேன். வேண்டுமென்றால் பஞ்சை வைத்துக்கொள்ளலாம். முடியாதபோது யாரும் பார்க்காமல் எடுத்துவிடலாம். மாரிக்கண்ணு தலையை ஆட்டினாள். ராமையாவிடம், "உள்ள வைக்கிற மாதிரி தைக்கிறேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைக்குத் திரும்பிப் பட்டிலிருந்து குண்டூசிகளை எடுத்து, மடிப்பைப் பிரித்துத் துணியை முழுசாக விரித்தேன். வலதுக்கு ஒரு பேப்பர், இடதுக்கு ஒரு பேப்பர். இடது கைக்குப் போட்டால் முன்பாகத்துக்குத் துணி பற்றவில்லை. பேப்பரை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தி, குத்தி, எடுத்து, கடைசியில் அக்குளுக்குக் கீழே வெளியில் தெரியாத இடத்தில் ஒட்டு வைத்துச் சமாளித்தேன். தைக்கிற பெண் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு மாறி வெட்டிட்டீங்களாக்கா?" என்று பதறினாள். "இல்ல, சரியாத்தான் வெட்டிருக்கு" என்றேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. நம்மிடம் வருகிற உடம்புகளைப் பற்றி நாம் பக்கத்து மிஷினுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்குப் போனேன். மாரிக்கண்ணு அரக்குப் பட்டில் வாசலில் நின்று வந்தவர்களை வலது கையால் வரவேற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. ராமையா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே நன்றி சொன்னார். தாலி கட்டுகிற வரைக்கும் அவள் மேடையில்தான் நின்றாள். மண்டபத்தில் நல்ல புழுக்கம். ஹோமப் புகை வேறு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். தாலி ஏறியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். உள்ளேயிருந்து பஞ்சை உருவி என் கையில் கொடுத்தாள். நனைந்திருந்தது. ஒரு ஓரத்தில் ரத்தம்.

"இனி முடியாதுக்கா" என்றாள்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்குப் போய் நின்றாள். பக்கத்தில் சம்பந்தியம்மா. போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னபோது அந்த அம்மாளின் கை மாரிக்கண்ணுவின் மேல் பட்டது. திரும்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்டதும், மாரிக்கண்ணு மறைக்காமல் சொன்னதும், அந்த அம்மாள் பாயசத்தைத் தொடாமல் எழுந்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதத்தில் கோகிலா பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் முழுசாகப் பரிசோதனை செய்து, உனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த வாரம் ராமையா கடைக்கு வந்தார். மற்ற வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே சத்தம் போட்டார்.

"ஸ்பாஞ்சு வச்சுத் தைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? வச்சுத் தைச்சிருந்தா அவ எடுத்திருக்க முடியுமா? எம் மக வீட்டுல வந்து குந்திருக்குமா?"

"வச்சுத் தைச்சிருந்தா தோலு பிஞ்சிருக்கும்ங்க."

"தாங்கியிருப்பா!" என்று கத்தினார். "மகளுக்காகத் தாங்கியிருப்பா!"

அவர் சொன்னது உண்மை. தாங்கித்தான் இருப்பாள். அதனால்தான் நான் அப்படித் தைக்கவில்லை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். முதலாளியம்மா, "நமக்கெதுக்கு இந்த வம்பெல்லாம்" என்று முணுமுணுத்தார்.

நாம் சரியாகச் செய்த காரியத்துக்கு நல்ல பலன்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பெண் அழுத முகத்தோடு பிறந்த வீட்டில் கிடந்த நாட்களில் நான் ஒவ்வொரு துணியையும் வெட்டும்போது அதை நினைத்தேன். மறுபடி அந்தப் பட்டு மேசைக்கு வந்தாலும் அப்படித்தான் வெட்டுவேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

அதற்குப் பிறகு மாரிக்கண்ணு தானே பஸ் ஏறி வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் புதுக்கோட்டைக்குத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. படியேறி மூச்சு வாங்க நின்றாள். "அந்த மனுசன் பேசுனத மனசுல வச்சுக்காதக்கா" என்றாள். கோகிலாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதாம். மாப்பிள்ளையே தன் அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். "ஆனா என் கிட்டத்துல வராதுக்கா அந்தம்மா. தீட்டு மாதிரி தள்ளியே நிக்கும்" என்று சொல்லிவிட்டு, சாதாரணப் பருத்தித் துணி ஒன்றை எடுத்து வைத்தாள். "உள்ள பையெல்லாம் வேணாம். இருக்குறபடிக்குத் தைச்சுக் குடு. இனிமே யாருக்கு மறைக்க?"

அவளுடைய பேப்பர்களை நான் தனியாக ஆணியில் மாட்டி வைத்தேன். அந்த வலது, இடது பேப்பர்களை வைத்து எத்தனையோ ஜாக்கெட் வெட்டினேன். தோட்டத்துக்கும் போக ஆரம்பித்திருந்தாள். பறிக்க முடியாது, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பாள். எனக்கு மல்லிகைச் சரம் மறுபடி வந்தது.

கோகிலாவுக்கு வளைகாப்பு வந்தபோது கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய பருத்தித் துணி கொண்டுவந்தாள். அந்தத் தடவை அவள் படியேறுவதற்கு முன்பே இருமல் சத்தம் கேட்டது. வீங்கிய கை தவிர மற்ற உடம்பு முழுக்க வற்றிப்போயிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் புதிதாக அளந்தேன். போகும்போது, "வளைகாப்புக்கு நான் முன்னாடி நிக்கணும்க்கா, நல்லா தைச்சிரு" என்றாள்.

புதுப் பேப்பர் வெட்டி, துணியை விரித்துக் குண்டூசி குத்தினேன். பேப்பரைப் பார்க்கப் பார்க்க எனக்கே அது அவளுடையது என்று தோன்றவில்லை. அவ்வளவு சிறிசு. தப்பாக அளந்துவிட்டேனோ என்று கத்திரியை வைத்துவிட்டேன். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று போன் செய்தேன். எடுக்கவில்லை. துணி மேசையின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் படியேறி வந்தது ராமையா. தாடி வளர்ந்திருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அவ குடுத்த துணி வெட்டியாச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. குத்தி மட்டும் வச்சிருக்கேன்."

அவர் மூச்சை விட்டார். "நல்லதுங்க. மக அத வாங்கிட்டு வரச் சொல்லுச்சு. பொறக்குற பிள்ளைய மொதல்ல அந்தத் துணியிலதான் ஏந்தணுமாம். வெட்டிருப்பீங்களோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன்."

துணியை இழுத்து முன்னால் வைத்துக் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கண் மறைத்தது. சில ஊசிகள் கீழே உருண்டன. அவர் உள்ளே வந்து குனிந்து அவற்றைப் பொறுக்கி என் டப்பாவில் போட்டார். பேப்பர்கள் துணியை விட்டு விலகின. துணியை உதறி அவர் கையில் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேப்பர் இருந்த இடத்தைச் சுற்றிலும் ஊசி போன தடம் பொடிப்பொடியாகத் தெரிந்தது.

"ஓட்டை ஓட்டையா இருக்கேங்க."

"ஒரு தடவ தண்ணியில நனைச்சுக் காயப் போடச் சொல்லுங்க. மூடிக்கிரும்."

"சுத்தமா மூடிருமா?"

"மூடிரும்ங்க."

அவர் துணியை நாலாக மடித்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். பையில் வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினார்.